முதல் வகுப்புச் சீட்டும் முகதாட்சண்யமும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிதம்)

முன்னுரை

விமானத்தில் உயர் வகுப்புக்குப் பணம் கட்டியவர்களுக்கு நேரும் அநீதியைப் பற்றி ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் விடுதி நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். “விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி, உனக்கு எதற்கடா இந்தக் கவலை?” என்றான் ஒருவன். அவன் சொன்னதில் பிழையில்லை. நான் விமானம் ஏறியவனல்லன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆயினும் இந்தப் பொருள் என் மனத்தில் முளைத்த இடம் விமான நிலையமன்று. கொடைக்கானலிலிருந்து மதுரை செல்லும் ஒரு பேருந்து. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மலைப் பேருந்தில் ஒரு நிகழ்ச்சி

என் அப்பத்தாவுக்கு மதுரையில் கண்புரை அறுவை செய்ய நாள் குறித்திருந்தார்கள். மலைப்பாதையில் பின் இருக்கையில் உட்கார்ந்தால் என்ன பாடுபடும் என்பது நம் மலையில் வாழும் எவருக்கும் தெரியும். வெள்ளி அருவியும் பெருமாள்மலையும் கடந்து வத்தலக்குண்டு இறங்கும்வரை வளைவுக்கு வளைவு உடம்பு தூக்கி எறியப்படும். எனவே இரண்டு நாள் முன்பே முன்பதிவுக் கட்டணம் கட்டி, ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டு இருக்கைகளை வாங்கி வைத்திருந்தேன்.

பேருந்து புறப்படும் நேரத்தில் நடத்துநர் எங்களிடம் வந்தார். “தம்பி, கொஞ்சம் பின்னால உக்காந்துக்குங்க. வேண்டியவங்க வந்திருக்காங்க” என்றார். நான் சீட்டை எடுத்துக் காட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்க்கவும் இல்லை. “எனக்குத் தெரியுது தம்பி, மேல சொல்லிட்டாங்க” என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். கடைசி வரிசைக்குப் போனோம். வழியெல்லாம் அப்பத்தா வாந்தி எடுத்தது. வத்தலக்குண்டில் முகம் கழுவிக்கொண்டபின் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டது: “அவங்க வேண்டியவங்கன்னா, காசு கட்டுன நாம வேண்டாதவங்களாப்பா?”

அந்தக் கேள்விக்கு அன்று எனக்கு விடை தெரியவில்லை. பின்னர் நூலகத்தில் பேருந்து, தொடர்வண்டி, விமானம் ஆகியவற்றின் பயண விதிகளைத் தேடிப் படித்தபோது, இந்தக் கேள்வியை உலகம் மிக விரிவாக ஆராய்ந்திருக்கும் இடம் விமானத் துறைதான் என்று கண்டேன். அங்கே கட்டணம் பெரிது, இருக்கை குறைவு, வேண்டியவர்களோ மிகப் பலர்.

முந்திச் செல்லும் நான்கு வழிகள்

ஒருவர் மற்றொருவரை முந்திச் செல்வதெல்லாம் அநீதி ஆகிவிடாது. பழனி மலையடிவாரத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். அங்கே பொது வரிசை உண்டு. முதலில் வந்தவர் முதலில் செல்வார். கட்டண வரிசை உண்டு. இவ்வளவு தொகை என்று பலகையில் எழுதியிருக்கும், கட்டுபவர் எவராயினும் செல்லலாம். முதியோருக்கும் கைக்குழந்தையோடு வருபவருக்கும் இடம் விடும் வழக்கம் உண்டு; அது இரக்கத்தின்பால் பட்டது. நான்காவதாக ஒன்று உண்டு. அதற்குப் பலகை கிடையாது. யாரோ ஒருவர் தொலைபேசியில் சொல்வார். ஒரு பக்கக் கதவு திறக்கும்.

வரிசை, கட்டணம், இரக்கம், செல்வாக்கு என்று இந்நான்கையும் பெயரிடலாம். கட்டணத்தால் முந்துவது சரியா என்று வாதிடலாம். எனக்கே அதில் முழு உடன்பாடு இல்லை. ஆனால் முதல் மூன்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. அவை முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்தவை. நான்காவது மட்டுமே எழுதப்படாதது. முகத்தைப் பார்த்து முடிவு செய்வதால்தான் நம் பெரியோர் அதற்கு முகதாட்சண்யம் என்று பொருத்தமாகப் பெயர் வைத்தார்கள்.

இதிலும் இரு நிலைகள் உள்ளன. காலியாகக் கிடக்கும் இருக்கையை வேண்டியவருக்குத் தருவது ஒன்று. பணம் கட்டியவரை எழுப்பிவிட்டுத் தருவது மற்றொன்று. முதலாவதைக்கூட ஒழுங்காகச் செய்ய முடியும் என்பதற்கு இந்திய இரயில்வே சான்று. உயர் வகுப்பில் இடம் காலியாக இருந்தால் கீழ் வகுப்புப் பயணியைக் கூடுதல் கட்டணமின்றி அங்கே ஏற்றும் திட்டம் 2006-இல் வந்தது. யாரை ஏற்றுவது என்பதைக் கணிப்பொறி தேர்ந்தெடுக்கிறது. கொடைக்கானல் ரோடு நிலையத்தில் ஏறும் ஒரு காய்கறி வியாபாரிக்கும் அந்த வாய்ப்பு உண்டு. கணிப்பொறிக்கு முகம் தெரியாது.

ஒரு சிறு கணக்கு

பணம் கட்டியவரை எழுப்ப வேண்டிய நிலை விமானத்தில் ஏன் வருகிறது? இதற்கு விடை நாம் இரண்டாம் ஆண்டில் படிக்கும் நிகழ்தகவுப் பாடத்திலேயே இருக்கிறது.

ஓர் உயர் வகுப்பு அறையில் 12 இருக்கைகள் என்று கொள்வோம். சீட்டு வாங்கியவர்களில் ஒவ்வொருவரும் வருவதற்கான நிகழ்தகவு 0.9 என்றும், ஒருவர் வருவதும் வராததும் மற்றவரைப் பொறுத்ததன்று என்றும் கொள்வோம். 12 சீட்டு மட்டும் விற்றால் சராசரியாக 1.2 இருக்கை காலியாகப் பறக்கும். குறைந்தது ஓர் இருக்கையாவது காலியாக இருப்பதற்கான நிகழ்தகவு, ஒன்றிலிருந்து 0.9-இன் பன்னிரண்டாம் அடுக்கைக் கழித்தால் கிடைக்கும் 0.72 ஆகும். அதாவது நூறு பயணங்களில் ஏறத்தாழ 72-இல் ஓர் இருக்கையேனும் வீணாகும். விமானம் புறப்பட்டபின் அந்த இருக்கையை விற்க முடியாது. அழுகிய தக்காளி போன்றது அது. ஆகவே நிறுவனம் 13-ஆவது சீட்டையும் விற்கிறது.

அந்தப் பதின்மூன்று பேரும் வந்துவிட்டால்? அதற்கான நிகழ்தகவு 0.9-இன் பதின்மூன்றாம் அடுக்கு, ஏறத்தாழ 0.254. நான்கு பயணங்களுக்கு ஒரு முறை ஒருவர் வெளியே நிற்பார். இது என் மாதிரிக் கணக்கே. உண்மையில் குடும்பமாகச் செல்பவர்கள் சேர்ந்தே வருவார்கள், சேர்ந்தே வராமல் இருப்பார்கள். ஆகவே கணக்கு இன்னும் சிக்கலானது. எனினும் அடிப்படை இதுதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எத்தனை முறை ஒருவர் வெளியே நிற்பார் என்பதைக் கணிதம் சொல்லிவிடுகிறது. எவர் நிற்பார் என்பதை அது சொல்வதில்லை. முகதாட்சண்யம் நுழைவது அந்த இடைவெளியில்தான்.

எவரை இறக்குவது?

1972-இல் அமெரிக்காவில் ரால்ஃப் நேடர் என்னும் வழக்கறிஞர், நுகர்வோர் நலனுக்காகப் பெயர் பெற்றவர், உறுதி செய்யப்பட்ட சீட்டோடு அலகேனி விமான நிறுவனத்தின் விமானத்தில் ஏறச் சென்றார். இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். அவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. இருக்கைக்கு மேல் சீட்டு விற்கும் வழக்கத்தைப் பயணியிடமிருந்து மறைத்தது மோசடியா என்று அவர் சாதாரண நீதிமன்றத்தில் வழக்காடலாம் என 1976-இல் தீர்ப்பாயிற்று. ஜூலியன் சைமன் என்னும் பொருளியல் அறிஞர் இதற்கு முன்பே ஓர் எளிய வழியைச் சொல்லியிருந்தார். எவரையும் வலிந்து இறக்காதே. எவ்வளவு தொகை தந்தால் மனமுவந்து இறங்குவீர்கள் என்று பயணிகளையே கேள் என்றார். முதலில் நகைத்தார்கள். 1978-இல் அதுவே அந்நாட்டில் விதியாயிற்று. இறங்கச் சம்மதிப்பவர்களை முதலில் தேட வேண்டும் என்ற வழக்கம் இன்று இந்தியா உட்படப் பல நாடுகளில் இருக்கிறது.

விதி இருந்தும் வழுவியதற்கு எடுத்துக்காட்டு 2017 ஏப்ரல் 9 அன்று சிகாகோவில் நடந்தது. யுனைடெட் நிறுவனம் தன் ஊழியர் நால்வரை அனுப்புவதற்காக, ஏறி உட்கார்ந்துவிட்ட பயணிகள் நால்வரை இறங்கச் சொன்னது. டேவிட் டாவோ என்னும் முதிய மருத்துவர் மறுத்தார். பாதுகாவலர்கள் அவரை இழுத்துச் சென்றார்கள். அவருக்குக் காயம் ஏற்பட்டது. உலகமே அந்தக் காட்சியைக் கண்டு திகைத்தது. பின்னர் அந்நிறுவனம், மனமுவந்து இறங்குபவருக்குத் தரும் தொகையின் உச்சவரம்பைப் பத்தாயிரம் டாலராக உயர்த்தியது. அந்த உயர்வு முன்பே இருந்திருந்தால் அவமானமும் இல்லை, காயமும் இல்லை.

கொழும்பு விமானத்தின் கதை

ஊழியருக்காக இறக்குவது ஒருபுறம் இருக்க, ஆள்பவருக்காக இறக்கச் சொன்னால் என்ன ஆகும்? இதற்கு நம் அண்டை நாடான இலங்கையைப் பார்க்கலாம். இலங்கை நம் மலைக்குத் தொலைவானதன்று. 1964 ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கொடைக்கானல் மலைகளிலும் குடியேறி வாழ்கின்றன.

ஸ்ரீலங்கன் விமான நிறுவனத்தின் நிர்வாகம் 1998 முதல் பத்தாண்டு ஒப்பந்தத்தில் துபாயின் எமிரேட்ஸ் நிறுவனத்திடம் இருந்தது. தலைமை நிர்வாகி பீட்டர் ஹில் என்பவர். 2007 டிசம்பரில் இலண்டன் சென்றிருந்த குடியரசுத் தலைவர் மகிந்த ராஜபக்சவும் அவருடன் சென்றவர்களும் கொழும்பு திரும்ப வேண்டியிருந்தது. கிறிஸ்துமஸ் காலம், விமானம் நிரம்பியிருந்தது. பணம் கட்டிய பயணிகள் 35 பேரை நீக்கிவிட்டு இடம் தரும்படி கேட்டார்கள். பீட்டர் ஹில் மறுத்துவிட்டார். சில நாட்களில் அவருடைய வேலை அனுமதியை இலங்கை அரசு இரத்துச் செய்தது. எமிரேட்ஸ் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. 2008 மார்ச் இறுதியில் நிர்வாகத்திலிருந்து விலகியது. 2010-இல் தன் பங்குகளையும் அரசுக்கே விற்றுவிட்டது. பின்னர் குடியரசுத் தலைவரின் மைத்துனர் நிறுவனத்தின் தலைவராக இருந்தார். நிறுவனம் ஆண்டுக்காண்டு பெரும் நட்டத்தில் வீழ்ந்தது. எரிபொருள் விலை, போட்டி, போர் எனக் காரணங்கள் பல உண்டு. எல்லாவற்றையும் 35 இருக்கைகளின் தலையில் கட்டிவிட முடியாது. ஆனால் ‘வல்லான் வகுத்ததே வாய்க்கால்’ என்று ஆகிவிட்ட நிறுவனத்தில் கணக்கு ஒழுங்காக நிற்காது என்பதை மறுப்பவர் இல்லை.

லேவில் நடந்தது

நம் நாட்டுக்கு வருவோம். 2015 ஜூன் மாதம் இமயமலைப் பகுதியான லேவிலிருந்து டெல்லி புறப்பட இருந்த ஏர் இந்தியா விமானத்தில் மத்திய இணையமைச்சர் கிரண் ரிஜிஜு உள்ளிட்டோருக்கு இடம் தருவதற்காகப் பயணிகள் மூவர் இறக்கப்பட்டார்கள். அவர்களில் ஒரு குழந்தையும் இருந்தது. செய்தி வெளியானதும் அமைச்சர் வருத்தம் தெரிவித்தார். பயணிகள் இறக்கப்பட்டது தமக்குத் தெரியாது என்றார். விமானப் போக்குவரத்து அமைச்சரும் மன்னிப்புக் கேட்டார்.

‘தெரியாது’ என்ற அந்தச் சொல்லை நான் நம்புகிறேன். நம்புவதால்தான் எனக்கு அச்சம் மிகுகிறது. பெரியவர் வாய் திறந்து கேட்க வேண்டிய தேவையே இல்லை. அவர் வருகிறார் என்றாலே போதும். கீழே இருப்பவர் தாமாகவே ஒரு சாதாரணப் பயணியைத் தேடிப் பிடித்து இறக்கிவிடுகிறார். முகதாட்சண்யத்தின் வேர் அதிகாரியின் ஆணவத்தில் மட்டும் இல்லை. ஊழியரின் பயத்திலும் இருக்கிறது. இதை எண்ணியபோதுதான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பேசிய அந்த நடத்துநரின் முகம் எனக்குப் புரிந்தது.

சட்டம் தரும் பாதுகாப்பு

பயத்துக்கு மருந்து எழுதிய விதி. இந்தியச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகளில் நாம் அறிய வேண்டியவை மூன்று.

முதலாவது, இருக்கைக்கு மேல் சீட்டு விற்றதால் ஒருவரை ஏற்ற மறுத்தால் இழப்பீடு தர வேண்டும். 2016-இல் திருத்தப்பட்ட விதிப்படி, ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தந்தால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் தந்தால் ஒரு வழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையின் இரு மடங்கு, உச்சவரம்பு 10,000 ரூபாய். அதற்கும் மேல் தாமதமானால் நான்கு மடங்கு, உச்சவரம்பு 20,000 ரூபாய்.

இரண்டாவது, உயர் வகுப்புக்குப் பணம் வாங்கிக்கொண்டு கீழ் வகுப்பில் உட்கார வைத்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இவ்விதி 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறைக்கு வந்தது. உள்நாட்டுப் பயணமானால் வரி உட்படச் சீட்டுத் தொகையில் 75 விழுக்காடு. வெளிநாட்டுப் பயணமானால் 1,500 கிலோமீட்டர் வரை 30 விழுக்காடு, 3,500 வரை 50 விழுக்காடு, அதற்கு மேல் 75 விழுக்காடு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இதே விழுக்காடுகள் இருந்தன. நமக்கு வந்து சேரப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின.

மூன்றாவது, விதியை மீறினால் தண்டம் உண்டு. சீட்டு வைத்திருந்தவர்களை ஏற்ற மறுத்து இழப்பீடும் தராததற்காக ஏர் இந்தியாவுக்கு 2022 ஜூனில் 10 இலட்சம் ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது.

விமானத்துக்கு அப்பால் பேருந்து, தொடர்வண்டி எதுவாயினும் பணம் கொடுத்துப் பெறும் சேவைக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உண்டு. 1986-இல் வந்த சட்டத்தின் இடத்தில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இன்று நிற்கிறது. நம் மாவட்ட ஆணையம் திண்டுக்கல்லில் இருக்கிறது. கொடுத்த கட்டணம் ஐந்து இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டதானால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பது முக்கியம். அப்பத்தாவின் சீட்டை நான் மதுரைப் பேருந்து நிலையத்திலேயே கசக்கி எறிந்துவிட்டேன். இந்தக் கட்டுரையைப் படிப்பவர்கள் அந்தத் தவற்றைச் செய்ய வேண்டாம்.

ஏழைக்கு இதில் என்ன?

“முதல் வகுப்பில் போகிறவனுக்கு இடம் போனால் என்ன? கூரை ஒழுகும் வீட்டுக்காரன் மாளிகைக்காரனுக்காக அழுவதா?” என்று என் நண்பன் கேட்டான். இது தள்ளிவிடக் கூடிய கேள்வியன்று.

1893 ஜூன் 7 அன்று தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து பிரிட்டோரியா சென்ற ஓர் இளம் வழக்கறிஞரிடம் முதல் வகுப்புச் சீட்டு இருந்தது. சரக்குப் பெட்டி இருக்கும் பகுதிக்குப் போகச் சொன்னார்கள். சீட்டைக் காட்டினார், மறுத்தார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் காவலரைக் கொண்டு கீழே தள்ளினார்கள். அங்கே அது குளிர்காலம். இரவு முழுதும் நிலையத்தில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மலைக்குளிரை அறிந்த நமக்கு அந்த இரவு எப்படிப்பட்டது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர்தான் காந்தியடிகள். பிற்காலத்தில் மூன்றாம் வகுப்பிலேயே பயணம் செய்து, அந்த வகுப்பு மக்களின் துயரத்தை எழுதியவரும் அவரே. முதல் வகுப்பின் மீது அவருக்கு ஆசை இருந்ததில்லை. கையிலுள்ள சீட்டுக்குரிய மதிப்பு, ஆளின் நிறத்தைப் பார்த்துக் குறைக்கப்பட்டதைத்தான் அவர் எதிர்த்தார்.

இதுதான் என் நண்பனுக்கு நான் தரும் விடை. அதிகப் பணம் கட்டியவரையே ஒரு தொலைபேசிச் சொல் எழுப்பிவிடும் என்றால், குறைந்த பணம் கட்டியவர் எம்மாத்திரம்? முதல் வகுப்புப் பயணிக்கு வழக்கறிஞர் உண்டு, பத்திரிகை உண்டு, அடுத்த விமானம் உண்டு. கடைசி இருக்கைக்குத் தள்ளப்பட்ட கிழவிக்கு என்ன உண்டு? பணக்காரருக்காக எழுதப்படும் நியாயமான விதி ஏழைக்கும் நிழல் தரும். பணக்காரருக்கே விதி இல்லாத இடத்தில் ஏழைக்கு நிழல் ஏது? வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமை காட்டினார். துலாக்கோல், தட்டில் வைத்தது யாருடைய பொருள் என்று கேட்பதில்லை.

முடிவுரை

நம் கல்லூரியில் படிக்கும் பெரும்பாலோர் என்னைப் போலவே வீட்டின் முதல் பட்டதாரிகள். நம்மில் எத்தனை பேர் விமானத்தின் உயர் வகுப்பில் உட்காரப் போகிறோம்? மிகச் சிலரே. ஆனால் நம்மில் பலர் கவுண்டருக்குப் பின்னால் உட்காரப் போகிறோம். சீட்டுத் தருபவராக, நடத்துநராக, மருத்துவமனையில் வரிசை எண் கொடுப்பவராக, வட்டாட்சியர் அலுவலக எழுத்தராக இருக்கப் போகிறோம். ஒரு நாள் மேலிருந்து தொலைபேசி வரும். வேண்டியவர் வந்திருப்பார். வெளியே சீட்டோடு ஒரு கிழவி நிற்பாள்.

எல்லோரும் பீட்டர் ஹில்லைப் போல் வேலையைப் பணயம் வைக்க வேண்டும் என்று சொல்ல நான் தகுதியுடையவனல்லன். வீட்டில் ஒரே சம்பளம் வரும்போது துணிவு எளிதன்று. அதனால்தான் விதியை எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும் என்கிறேன். “மன்னிக்க வேண்டும் ஐயா, விதி இடம் தரவில்லை” என்று விரலை நீட்டிக் காட்ட ஒரு பலகை இருந்தால், அது பயணிக்கு எவ்வளவு காப்போ அவ்வளவு காப்பு அந்தச் சிறிய ஊழியருக்கும் ஆகும். அன்று அந்த நடத்துநருக்கு அப்படி ஒரு பலகை இருக்கவில்லை.

அப்பத்தாவுக்கு அறுவை நல்லபடியாக முடிந்தது. திரும்பும்போது மதுரையில் பேருந்து ஏறியதும், “நம்ம சீட்டு எதுப்பா?” என்று கேட்டது. எண்ணைப் பார்த்துச் சொன்னேன். பேருந்து நகர்ந்து ஊர் தாண்டும்வரை அப்பத்தா சாய்ந்து உட்காரவில்லை. யாராவது வந்து எழுப்புவார்களோ என்று படியையே பார்த்துக்கொண்டிருந்தது. பணம் கட்டிய ஒருவர் தம் இருக்கையில் நிம்மதியாகச் சாய்ந்து உட்காரக் கூடிய நாடாக நம் நாடு ஆக வேண்டும். முதல் வகுப்பாயினும், கடைசி வரிசையாயினும்.